சோகையின் சரித்திரம்

ஒரு மக்கட் கூட்டத்தின் சரித்திரத்தைக் கல்வெட்டிலும் அரசாங்க அறிக்கையிலும் மட்டுமே தேட வேண்டும் என்பதில்லை. அவர்களுடைய இரத்தத்திலும் தேடலாம். இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தமிழ் மக்களைப் பொறுத்தவரை இது வெறும் அணிமொழி அன்று. அவர்களுடைய இரத்தம் வெளிறிய வரலாறு கூலி, அரிசி, லயம், மலசலகூடம், வாக்குரிமை ஆகியவற்றின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்து கிடக்கிறது.

இரத்தத்தில் செங்குழியங்களோ அவற்றிலுள்ள இரும்புச் சத்தோ குறைந்து உடல் வெளிறும் நிலையை மருத்துவர்கள் சோகை என்பர். சித்த வைத்தியர்கள் பாண்டு என்றனர். தோட்டத்து மக்கள் 'இரத்தம் பத்தாது' என்கிறார்கள். சோகை ஒரு தனி நோயன்று; பல நோய்களின் பொது முகம். புழு இரத்தத்தைக் குடித்தாலும் முகம் வெளிறும். உணவில் இரும்பு இல்லாவிட்டாலும் வெளிறும். மலேரியா வந்தாலும் வெளிறும். இரத்தம் பிறக்கும் எலும்பு மச்சையே கெட்டுப்போனாலும் வெளிறும். ஆகவே சோகையின் காரணத்தைக் காண்பது ஒரு கழித்தற் கணக்கு. புழுவைக் கழித்து, பசியைக் கழித்து, காய்ச்சலைக் கழித்த பிறகு எது எஞ்சுகிறதோ அதைத்தான் மருத்துவம் இன்னும் ஆழ்ந்து ஆராய்கிறது. உலகின் வசதியான நாடுகளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் முடிந்துவிட்டது. மலைநாட்டில் அது ஏன் இன்னும் முடியவில்லை என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

கோப்பியும் தேயிலையும்

19ஆம் நூற்றாண்டின் முப்பதுகள் முதல் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மக்கள் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுவழி நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். அடுத்த பருவத்துக்கு மீண்டும் வந்தார்கள்.

1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளில் ஒருவகைப் பூஞ்சண நோய் தோன்றிற்று. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இது பயிர் மாற்றம் மட்டுமன்று, மக்களின் வாழ்க்கை முறையையே மாற்றிய திருப்பம். தேயிலைக்குப் பருவமில்லை; ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கிறது, ஆண்டு முழுவதும் கை வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்களின் கை வேண்டும் என்று துரைமார் கண்டனர். எனவே குடும்பம் குடும்பமாக மக்கள் குடியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு லயம் கட்டப்பட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடியளவில் ஒரு காம்பரா, அதற்குள் ஒரு குடும்பம், வாசலில் அடுப்பு. லயம் கட்டிய கை அதற்கு மலசலகூடம் கட்டவில்லை. மக்கள் தேயிலைச் செடிகளுக்கு இடையே ஒதுங்கினர். மறுநாட் காலை அதே மண்ணில் வெறுங்காலோடு கொழுந்துக்குப் போனார்கள். நோயின் வரலாற்றுக்கு இந்த ஒரு செய்தி போதும். மற்றவை இதன் விரிவுரை.

அரசாங்கம் இவர்களுடைய உடல்நலத்தைப் பற்றி முற்றிலும் வாளாவிருந்தது என்று சொல்ல முடியாது. 1872இலேயே தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதிக்கெனச் சட்டம் வந்தது. 1912இல் அது விரிவாக்கப்பட்டது. தோட்ட உடைமையாளர் வரி செலுத்த வேண்டும்; மாவட்டந்தோறும் வைத்தியசாலையும் மருந்தகமும் அமைய வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயினும் அந்தச் சட்டங்களின் கண்ணில் தொழிலாளி ஒரு மனிதனாக அல்ல, பழுதாகாமல் காக்கப்பட வேண்டிய கருவியாகவே பட்டான். நோய் வந்தபின் மருந்து கொடுக்க வழி பிறந்தது. நோய் வரும் வழியை அடைக்கச் செலவிட எவரும் முன்வரவில்லை.

மண்ணிலிருந்து இரத்தத்துக்கு

கொக்கிப்புழுவை 1838ஆம் ஆண்டு மிலான் நகரில் ஒரு பெண்ணின் பிரேதப் பரிசோதனையின்போது ஆஞ்செலோ துபீனி என்ற மருத்துவர் கண்டார். அது எத்தகைய கொடியது என்பது 1880இல்தான் விளங்கிற்று. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சென் கொத்தார்ட் சுரங்கப்பாதை அமைத்த இத்தாலியத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக வெளிறி விழுந்தார்கள். வெப்பமும் ஈரமும் மலக்கழிவும் நிறைந்த அந்தச் சுரங்கம் புழு வளர்க்கும் பண்ணையாக இருந்தது. உழைப்பாளர் கூட்டத்தை ஓரிடத்தில் அடைத்து, கழிவுக்கு வழிசெய்யாது வேலை வாங்கினால் என்ன விளையும் என்பதை ஐரோப்பா தன் சொந்த மக்களின் உடலிலேயே கண்டது. ஆனால் அந்தப் பாடம் மலைநாட்டு லயங்களுக்கு வந்து சேரவில்லை.

புழு உடலுக்குள் எவ்வழியாக நுழைகிறது என்பதைக் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்பவர் 1898இல் தற்செயலாக உணர்ந்தார். புழுக்குஞ்சுகள் கலந்த நீர்த்துளி அவர் கையில் சிந்திற்று. தோல் எரிந்து சிவந்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் தோன்றின. வாய் வழியாக மட்டுமன்றி, தோலைத் துளைத்தும் புழு நுழையும் என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

மலத்தோடு மண்ணில் விழும் முட்டை, நிழலும் ஈரமும் சூடும் இருந்தால் ஓரிரு நாட்களில் பொரிக்கிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சு தோலைத் துளைக்கும் வலுப் பெறுகிறது. பாதத்தில் சிறு அரிப்பு. அவ்வளவே அதன் வருகையறிவிப்பு. பிறகு இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் போய்க் கவ்விக்கொள்கிறது. அங்கே பல ஆண்டுகள் வாழும். நம் நாடுகளில் மிகுந்து காணப்படும் இனம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.03 மில்லிலீட்டர் இரத்தத்தை வீணாக்குகிறது. அற்பம் என்று தோன்றும். நூறு புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 3 மில்லிலீட்டர். அதோடு போகும் இரும்பு சுமார் ஒன்றரை மில்லிகிராம். சோற்றையும் ரொட்டியையும் நம்பி வாழ்பவரின் குடல் நாளொன்றுக்கு ஈர்த்துக்கொள்ளும் இரும்பு ஒரு மில்லிகிராமை ஒட்டியதே. வரவைவிடச் செலவு மிகுந்த அந்தக் குடும்பக் கணக்கு உடலுக்குள்ளும் நடக்கிறது. பெண்ணுக்கு மாதவிடாய் இழப்பும் சேர்கிறது. ஒரு கர்ப்பம் முழுவதற்கும் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். கொழுந்துக் கூடையைச் சுமந்து மேடேறும் கர்ப்பிணிக்கு அந்த இரும்பு எங்கிருந்து வரும்?

நுவரெலியாவைப் போன்ற குளிர்ந்த உச்சிகளில் புழுவின் முட்டை எளிதில் வளர்வதில்லை. மாத்தளை முதலான தாழ்ந்த, வெப்பம் மிகுந்த தோட்டங்களே அதன் கோட்டை. ஆயினும் உயரத்துக்குத் தப்பியவர்கள் பசிக்குத் தப்பவில்லை.

1916

1916ஆம் ஆண்டில் அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேசச் சுகாதாரப் பிரிவு இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. கீழ்த்திசை நாடுகளில் அப்பணிக்குத் தலைவராயிருந்தவர் விக்டர் ஹைசர். மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலை ஆரம்பமாயிற்று. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் வயிற்றில் புழு இருந்தது. எண்ணெய் வணிகத்தில் குவிந்த செல்வம் ஏன் தோட்டத் தொழிலாளியின் குடலைத் தேடி வந்தது என்று வாசகர் கேட்கலாம். நோய் நீங்கினால் வேலை கூடும், வேலை கூடினால் இலாபம் கூடும் என்ற கணக்கு ஒளிவுமறைவின்றி முன்வைக்கப்பட்டது. ஆயினும் அங்கே வந்த மருத்துவர்கள் ஓர் உண்மையை நேர்மையாகவே உணர்ந்திருந்தார்கள். மருந்து கொடுத்தால் மட்டும் போதாது. மண் மாசுபடுவதை நிறுத்தாவிட்டால் புழு மீண்டும் ஏறும். எனவே சிகிச்சையோடு தோட்டங்களில் மலசலகூடங்களும் கட்டப்பட வேண்டும் என்றார்கள்.

இங்கேதான் முரண்பாடு வெடித்தது. தைமோல் மருந்தும் பேதி உப்பும் மலிவு. கொடுத்த சில நாட்களில் ஆள் வேலைக்கு வந்துவிடுவான். மலசலகூடம் கட்டப் பணம் வேண்டும். பராமரிக்க ஆள் வேண்டும். துரைமார் முதலாவதை வரவேற்றார்கள், இரண்டாவதைத் தட்டிக்கழித்தார்கள். 'இந்த மக்களுக்கு அதைப் பயன்படுத்தத் தெரியாது' என்பது அவர்கள் கூறிய சாக்கு. 'புழு இந்தியாவிலிருந்து வருகிறது' என்பது இன்னொன்று. இரண்டாவதில் உண்மை இல்லாமலில்லை. வந்தவர்களில் பலர் புழுவோடுதான் வந்தார்கள். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் கப்பலேறுமுன்பே தொழிலாளருக்குப் புழு மருந்து கொடுக்கப்பட்டது. ஆனால் புழுவுக்குத் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்க இடம் கொடுத்தது இந்தியா அன்று, லயம்.

மருந்துகளும் தொழிலாளியின் உடலிலேயே தேர்ச்சி பெற்றன. தைமோலுக்குப் பின் கினோபோடியம் எண்ணெய் வந்தது. அளவு மிகுந்தால் ஆளைக் கொல்லும் நஞ்சு அது. அமெரிக்காவில் 1921இல் மாரிஸ் ஹால் என்பவர் கார்பன் டெட்ராகுளோரைடு புழுவைக் கொல்லும் என்று காட்டினார். அடுத்த ஆண்டிலேயே இலங்கையில் லூசியஸ் நிக்கல்ஸ், ஹாம்ப்டன் என்ற இருவர் அதை மனிதரிடம் பரிசோதித்த முடிவுகளை வெளியிட்டனர். ஈரலைக் கெடுக்கும் அந்தத் திரவத்தை இன்று எந்த மருத்துவரும் நோயாளிக்குக் கொடுக்கமாட்டார். மருந்துகள் மாறின, மண் மாறவில்லை. குணமானவர்கள் மீண்டும் அதே மண்ணில் நடந்தார்கள், மீண்டும் நோயுற்றார்கள். இறுதியில் ராக்பெல்லர் நிறுவனம் தோட்டங்களை விட்டு விலகிக் கிராமங்களின் பக்கம் திரும்பியது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தோன்றிற்று. இலங்கையின் பொதுச் சுகாதார முறை வளர்ந்தது அந்த விதையிலிருந்துதான். தோட்டத்தில் பயின்ற பாடத்தின் பயன் தோட்டத்துக்கு வெளியே கிடைத்தது.

பசி என்னும் நோய்

புழு மருந்தைப் பரிசோதித்த அதே நிக்கல்ஸ், பிற்காலத்தில் உணவு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1930களின் தொடக்கத்தில் ஏழை மக்களின் தோலில் தவளைத் தோல்போல எழும் சொரசொரப்பைக் கவனித்து, அது உணவுச் சத்துக் குறைவின் விளைவு என்று எழுதினார். மருத்துவரின் பார்வை புட்டியிலிருந்து சட்டிக்குத் திரும்பிய காலம் அது.

சோகைக்கும் அந்தப் பார்வை பிறந்தது. அது பிறந்த இடம் இந்தியா. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். நெசவாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளை ஒரு சோகை கொன்றுகொண்டிருந்தது. அவர்களுடைய செங்குழியங்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் பெருத்தும் இருந்தன. நீலகிரித் தேயிலை மலைகளின் நடுவிலுள்ள குன்னூரிலும் சென்னையிலும் அவர் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மதுவடித்தபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்த மலிவான மார்மைட் அந்தச் சோகையைத் தீர்ப்பதை 1931இல் அறிவித்தார். அதிலிருந்த சத்து போலிக் அமிலம் என்று பின்னர் தெரிந்தது. 1941இல் பசளிக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு கட்டுக் கீரைக்கும் வழியற்ற வறுமைதான் அந்த நோயின் வேர்.

1934–35இல் இலங்கையை மலேரியாக் கொள்ளைநோய் சூறையாடியபோது, சூரியமல் இயக்கத்தின் இளைஞர்கள் கிராமங்களுக்குக் கொய்னாவோடு பருப்பையும் மார்மைட்டையும் சுமந்து சென்றார்கள். 'பருப்பு மாத்தயா' என்று மக்கள் என். எம். பெரேராவை அன்போடு அழைத்தது அக்காலத்தில்தான். பசித்தவனுக்கு மருந்து மட்டும் கொடுப்பது பாதிச் சிகிச்சை என்று அந்த இளைஞர்கள் செயலில் காட்டினார்கள்.

தோட்டத்து உணவில் இன்னொரு கொடுமையும் உண்டு. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் தாவர உணவின் இரும்பைக் குடல் ஈர்க்கவிடாமல் தடுக்கின்றன. ரொட்டியோடு சாயத் தண்ணீரைக் குடித்துவிட்டு மலையேறும் பெண், தான் பறிக்கும் இலையாலேயே தன் இரும்பை இழக்கிறாள். உயர்ந்த தரம் கப்பலேறிப் போக, தூள் அவளுக்கு எஞ்சுகிறது.

மச்சைக்குள் நடக்கும் போர்

இப்போது கழித்தற் கணக்கின் கடைசி வரிக்கு வருவோம். புழுவையும் பசியையும் நீக்கியபின்னும் சில நோயாளிகளின் சோகை எதற்கும் அசைவதில்லை என்பதை மேனாட்டு மருத்துவர்கள் கண்டார்கள். 1938இல் ரோட்ஸ், பார்க்கர் என்ற இருவர் 'சிகிச்சைக்குப் பணியாத சோகை' என்று பெயரிட்டு நூறு நோயாளிகளை விவரித்தனர். பிற்காலத்தில் அவர்களிற் சிலருக்கு இரத்தப் புற்றுநோய் தோன்றுவது தெளிவாயிற்று. 1982இல் பிரெஞ்சு, அமெரிக்க, பிரித்தானிய அறிஞர்கள் கூடி இவற்றை வகைப்படுத்தினார்கள். இன்று மயலோடிஸ்பிளாஸ்டிக் நோய்த்தொகுதி என்று வழங்குவது இதுவே. எலும்பு மச்சையிலுள்ள ஒரு தாய்க்கலத்தின் மரபணு பழுதாகி, அதன் சந்ததி மச்சையை ஆக்கிரமிக்கிறது. பிறக்கும் குழியங்கள் குறையுடையனவாகி, வெளிவருமுன்பே மடிகின்றன. முதியவர்களையே இது மிகுதியும் தாக்குகிறது.

உடலின் காவலர்களான நிணநீர்க் குழியங்கள் அப்போது என்ன செய்கின்றன? இக்கேள்வியின் விடையும் ஒரு சரித்திரம். எதிரியைத் தாக்கும் குழியங்களோடு, தாக்குதலை அடக்கும் குழியங்களும் உண்டு என்று 1970இல் ரிச்சர்ட் கெர்ஷன் சொன்னார். ஆதாரங்கள் தடுமாறியதால் எண்பதுகளில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி அதை விடவில்லை. 1995இல் அத்தகைய குழியங்களை இனங்காட்டினார். அவற்றை ஆளும் மரபணுவை 2001இல் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் கண்டார்கள். 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது.

மச்சை நோயின் தொடக்க நிலையில் பல நோயாளிகளிடம் தாக்கும் குழியங்கள் அளவுமீறிச் சொந்த மச்சையையே அழிக்கின்றன. நோய் முற்றிய நிலையிலோ அடக்கும் குழியங்கள் பெருகுகின்றன. மச்சையிலிருந்தே பிறக்கும் வேறொருவகை அடக்கும் கலங்களும் அவற்றோடு சேர்கின்றன. காவல் தளர்கிறது, கெட்ட சந்ததி தடையின்றிப் பெருகிப் புற்றுநோயை நோக்கி நடக்கிறது.

வியப்பு என்னவென்றால், கொக்கிப்புழுவும் இதே அடக்கும் குழியங்களைத்தான் துணைகொள்கிறது. புழு குடியிருப்பவரின் இரத்தத்தில் அவை பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். தன்னைத் தாக்க வரும் படையை அந்த உடலின் காவலர்களைக் கொண்டே அமைதிப்படுத்திவிட்டு, அது ஆண்டுக்கணக்காக இரத்தம் குடிக்கிறது. தொழிலாளருக்குள்ளிருந்தே கங்காணியைத் தேர்ந்து, அவரைக் கொண்டே தொழிலாளரை அடக்கிய தோட்ட முறையை நினைத்துப் பார்ப்பவருக்கு இந்த உத்தி புதிதாகத் தோன்றாது. இன்று ஆஸ்திரேலியாவில், கோதுமைப் புரதத்தை ஏற்காத குடல்நோயைத் தணிக்க இயலுமா என்று பார்க்க, மனமுவந்து வருவோரின் தோலில் எண்ணிச் சில புழுக்குஞ்சுகளை விட்டுச் சோதித்திருக்கிறார்கள். அங்கே எண்ணிக் கொடுக்கப்படும் புழு, இங்கே எண்ணாமல் கொடுக்கப்பட்டது, சம்மதமும் கேட்கப்படவில்லை.

முடியாத கணக்கு

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவனுடைய மலசலகூடத்துக்காக எந்தப் பாராளுமன்றத்தில் யார் வாதாடுவார்? நாடெங்கும் வளர்ந்த இலவச வைத்திய சேவை நெடுங்காலம் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்த இடைக்காலத்தில், 1974இன் உணவுப் பஞ்சத்தில், தோட்டங்களில் மரணம் திடீரென உயர்ந்தது. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளின் கைக்குப் போனது. 1994 முதல் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புழு மருந்து ஒழுங்காகக் கொடுக்கும் திட்டம் வந்தது. அதன் பயன் பெரிது; முன்னாட்களின் கடுஞ்சோகை இன்று அரிது. ஆயினும் பத்தாண்டுக்கு மேல் மருந்து கொடுத்தபின் நடந்த ஆய்விலும் குடற்புழுக்கள் பிள்ளைகளை விட்டு நீங்கியிருக்கவில்லை. 1916இல் சொல்லப்பட்ட உண்மை மீண்டும் நிரூபிக்கப்பட்டது: மண்ணைத் திருத்தாமல் மருந்தால் மட்டும் வெல்ல இயலாது. மலைமேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பல தோட்டங்களில் மலசலகூடம் இன்றும் எட்டாத் தொலைவிலேயே இருக்கிறது.

2017இல் டிக்கோயாவில் இந்திய உதவியால் கட்டப்பட்ட ஆதார வைத்தியசாலை திறக்கப்பட்டது. அது ஒரு முன்னேற்றமே. ஆனால் ஆழ்ந்த தீங்கு கட்டடத்தால் மட்டும் தீராது. எல்லோரும் வெளிறியிருக்கும் இடத்தில் ஒருவருடைய வெளிறலை யாரும் நோயென்று கருதுவதில்லை. ஓய்வுபெற்ற முதியவர் மூச்சு வாங்கி உட்கார்ந்தால் 'வயது' என்கிறோம். இளம் தாய் தலைசுற்றி விழுந்தால் 'இரத்தம் பத்தாது' என்கிறோம். இரும்பு மாத்திரையோடு கதை முடிகிறது. அந்த மாத்திரைக்குப் பணியாத சோகையும் உண்டு, அதற்கு முழு இரத்தப் பரிசோதனையும் தேவையானால் மச்சைப் பரிசோதனையும் வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. மச்சை நோய் மலைநாட்டில் இல்லை என்று இதற்குப் பொருளாகாது. ஏழ்மையின் நோய்கள் முன்னால் நின்று அதை மறைக்கின்றன என்பதே பொருள்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. வகுப்பில் சோர்ந்து தலைசாய்க்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று எழுப்புமுன் அதன் கண்ணிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். மருந்து நாளன்று மாத்திரை கொடுப்பதோடு நில்லாமல், பள்ளியிலும் லயத்திலும் தண்ணீரும் மலசலகூடமும் உண்டா என்று கேட்கலாம். இரண்டு மாதம் இரும்பு மாத்திரை தின்றும் தேறாத ஒருவரை, வயது எதுவாயினும், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும்படி வற்புறுத்தலாம். கூலி உயர்வுக் கோரிக்கையைச் சுகாதாரக் கோரிக்கையாகவும் பேசலாம். கீரையும் பருப்பும் முட்டையும் கூலியிலிருந்துதான் வருகின்றன.

ஆய்வுக்கூடங்களில் அறிஞர்கள் ஒரு நிணநீர்க் குழியத்தின் போக்கைப் பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கி மனிதரைக் காக்க வழி தேடுகிறார்கள். அந்த அறிவின் பயன் அட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் வந்து சேர வேண்டுமானால், நூறாண்டுக்கு முன் தொடங்கி நிறுத்தப்பட்ட கழித்தலை முதலில் முடித்தாக வேண்டும். அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. சுத்தமான மண்ணும் நிறைந்த சட்டியும் போதும். அவற்றைக் கேட்டுப் பெறும் ஒற்றுமையும் வேண்டும்.